ஒரு நாளைக்கு நாலு காலண்டர் தாள்

கேள்வி:

என் கணவருக்கு வயது 41. அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். போன ஜூலையில் மூன்று நாள் காய்ச்சலும் தலைவலியுமாகக் கிடந்தார். நாலாம் நாள் காலையில் காபி கொண்டு போன என்னைப் பார்த்து, "நீங்க யாரு வீட்டுப் பொண்ணு?" என்று கேட்டார். சாயந்திரம் வலிப்பு வந்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் முதுகுத்தண்டில் நீர் எடுத்துப் பார்த்து, ஹெர்பிஸ் வைரஸால் வந்த மூளைக்காய்ச்சல் என்றார்கள். 21 நாள் அசைக்ளோவிர் மருந்து ஏற்றினார்கள். உயிர் பிழைத்துவிட்டார். "நல்லாயிட்டார், கூட்டிட்டுப் போங்க" என்று அனுப்பினார்கள்.

எட்டு மாதம் ஆகிறது. நடக்கிறார், சாப்பிடுகிறார், தானே சவரம் செய்துகொள்கிறார். பார்ப்பவர்கள் எல்லாம் "சார் நல்லாத்தானே இருக்கார்" என்கிறார்கள். கூடவே இருக்கிற எனக்குத்தான் தெரியும். தினசரி காலண்டரில் ஒரே நாளில் மூன்று நாலு தாளைக் கிழித்துவிடுகிறார். கேட்டால், "இன்னிக்கு இன்னும் கிழிக்கலையே" என்கிறார். காலையில் வந்துபோன தம்பியைப் பற்றி மத்தியானமே, "அவன் வந்து எத்தனை மாசமாச்சு" என்று குறைப்படுகிறார். பள்ளிக்கூடப் பக்கமே போகாதவர், "நேத்து ஹெச்.எம். கூப்பிட்டுப் பேசினார்" என்று கூசாமல் சொல்கிறார். கத்தரிக்காய், வெண்டைக்காய் எல்லாம் அவருக்கு வெறும் 'காய்'. மைனாவும் கிளியும் 'பறவை'. ஆனால் காம்பஸ், கோணமானி, ஸ்பேனர் என்று எதைக் காட்டினாலும் டக்கென்று பெயர் சொல்கிறார். நடிக்கிறாரோ என்றுகூட எனக்குத் தோன்றிவிட்டது. போன வாரம் பால் தீய்ந்து வீடே நாறியது. அடுப்புக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார், அவருக்குத் தெரியவில்லை.

ஒரு நாளும் குரல் உயர்த்தாதவர், இப்போது ஏழாவது படிக்கும் மகள் பென்சிலைக் கீழே போட்டால் தட்டை வீசுகிறார். பகலெல்லாம் தூக்கம். "அப்பவே நான் போயிருந்தா உங்களுக்கெல்லாம் நிம்மதி" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டார். மாமியார் இது செய்வினை என்கிறார். ஒரு கோயிலில் மூன்று ராத்திரி தங்கவைக்க வேண்டுமாம். ஒட்டிக்கொள்ளும் என்று அவருக்குத் தட்டு, டம்ளர் எல்லாம் தனியாக வைத்திருக்கிறோம். வலிப்புக்காக லெவெடிராசெட்டம் மாத்திரை இரண்டு வேளை ஓடுகிறது. மருத்துவ விடுப்பும் முடியப்போகிறது. வேலையை விட்டுவிடுவதாக எழுதிக்கொடுத்துவிடலாம் என்று என் அண்ணன் ஒரு கடிதம் தயார் செய்து பீரோவில் வைத்திருக்கிறார். இவர் பழையபடி ஆவாரா? இது மனநோயா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
புதுக்கோட்டை மாவட்டம்.

பதில்:

சகோதரி, போகிறபோக்கில் எழுதிவிட்டுப் போன ஒரு வாக்கியத்தை நான் முதலில் எடுக்கிறேன். "அப்பவே நான் போயிருந்தா" என்று அவர் சொன்னதை அலுப்பில் வந்த பேச்சு என்று விட்டுவிடாதீர்கள். மூளைக்காய்ச்சலில் பிழைத்தவர்களுக்கு மனச்சோர்வு மிகச் சாதாரணமாக வரும். சாகத் தோன்றுவதும் உண்டு. மகள் இல்லாத நேரம் பார்த்து, "சாகணும்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சீங்களா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. யாரோ கேட்டார்களே என்ற ஆறுதல்தான் மிஞ்சும். வீட்டிலோ மோட்டார் ஷெட்டிலோ பூச்சிமருந்து இருந்தால் இன்றைக்கே அப்புறப்படுத்துங்கள். மாத்திரை டப்பா உங்கள் கையில் இருக்கட்டும். இந்த வாரத்துக்குள் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். "ஆமாம், யோசிச்சேன்" என்று சொன்னால் வாரம் வரை காத்திருக்க வேண்டாம். அவரைத் தனியே விடாமல் அன்றே கூட்டிப்போங்கள். நடுராத்திரியில் தேவைப்பட்டால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். கட்டணம் கிடையாது.

இனி அந்தக் காலண்டர்.

காலையில் எழுந்து தாளைக் கிழிப்பது அவருக்கு இருபது, முப்பது வருடப் பழக்கம். அந்தப் பழக்கம் அப்படியே இருக்கிறது. கிழித்தோம் என்கிற ஞாபகம் மட்டும் தங்கவில்லை. அதனால் சுவரைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு அது புதுக் காலைதான். கையில் ஊறிய பழக்கத்தை மூளை ஓரிடத்தில் வைக்கிறது, இன்று நடந்ததை வேறிடத்தில் வைக்கிறது. ஹெர்பிஸ் வைரஸ் குறிவைத்துத் தாக்குவது காதுக்கு உட்புறமாக இருக்கும் பொட்டுப் பகுதியை. புது அனுபவங்களைப் பதிவுசெய்யும், கடற்குதிரை வடிவத்திலிருக்கும் உறுப்பு அங்கேதான் இருக்கிறது. பயம், கோபத்தோடு தொடர்புள்ள பகுதியும் அதை ஒட்டியே. நெற்றிக்குப் பின்னால் அடிப்பக்கம் இருக்கும் 'பிரேக்' பகுதியையும் இது விட்டுவைப்பதில்லை. நீங்கள் எழுதியிருக்கும் தொல்லைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு வட்டாரத்தைச் சேர்ந்தவை.

பிரிட்டனில் கிளைவ் வேரிங் என்றொரு இசைக்கலைஞர். 1985 மார்ச்சில் அவருக்கு இதே ஹெர்பிஸ் மூளைக்காய்ச்சல் வந்தது. அதன்பிறகு சில விநாடிகளுக்கு மேல் எதுவும் மனதில் நிற்காது. மனைவி அறையை விட்டு வெளியே போய்த் திரும்பினால், பல வருடம் கழித்துப் பார்த்ததுபோலக் கட்டிப்பிடித்துக்கொள்வார். ஆனால் பியானோ முன்னால் உட்காரவைத்தால் வாசிப்பார். உங்கள் கணவர் அவ்வளவு மோசமான நிலையில் இல்லை. சவரக்கத்தியைப் பிடிக்கும் கை, கணக்குப் போடும் கை இரண்டும் அவரிடம் இருக்கின்றன. அவற்றைப் பிடித்துக்கொண்டுதான் மேலே ஏற வேண்டும்.

"ஹெச்.எம். கூப்பிட்டார்" என்பது பொய்யில்லை. நினைவில் ஓட்டை விழுந்த இடத்தை மூளை கையில் கிடைத்த பழைய துண்டுகளை வைத்து ஒட்டுப்போட்டுவிடுகிறது. சொல்பவருக்கு அது உண்மையாகவே நடந்ததுதான். மறுத்து வாதாடினால் இரண்டு பேருக்கும் கோபம்தான் வரும். "அப்படியா? நோட்டுல இருக்கான்னு பார்ப்போம்" என்று சொல்லிப் பழகுங்கள். எந்த நோட்டு என்று பிறகு சொல்கிறேன்.

காய்கறி விவகாரம் உங்களுக்கு நடிப்பாகத் தோன்றியதில் ஆச்சரியமில்லை. முதலில் பார்த்த மருத்துவர்களுக்கே அது விசித்திரமாகத்தான் இருந்தது. 1984-ல் லண்டனில் எலிசபெத் வாரிங்டன், டிம் ஷாலிஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஹெர்பிஸ் மூளைக்காய்ச்சலில் இருந்து மீண்ட நான்கு பேரைப் பற்றி எழுதினார்கள். அவர்களுக்கு மிருகம், செடிகொடி, சாப்பாட்டுப் பண்டம் போன்றவற்றை அடையாளம் காண்பதில் பெரிய சிரமம். கருவிகளை அடையாளம் காண்பதில் அவ்வளவு சிரமமில்லை. கருவியை நாம் அதன் வேலையை வைத்து அறிகிறோம், உயிருள்ளவற்றை நிறம், உருவம், சுவையை வைத்து அறிகிறோம், இரண்டும் மூளையில் ஒரே மாதிரி சேமிக்கப்படவில்லை என்பது அவர்கள் சொன்ன விளக்கம். ஆகவே கோணமானியைச் சொல்பவர் கத்தரிக்காயைச் சொல்லத் திணறுவது இந்த நோயின் கையெழுத்து மாதிரி. அவர்மேல் சந்தேகம் வேண்டாம்.

அப்படியானால் காய்கறியைக் காட்டிக் காட்டி, "இது என்ன, சொல்லுங்க பார்ப்போம்" என்று பயிற்சி கொடுக்கலாமா? கூடாது. இதை நான் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்வேன். மூளைக்காய்ச்சலில் இருந்து மீண்டவர் இருக்கும் வீடுகள் பெரும்பாலும் பரீட்சை ஹாலாக மாறிவிடுகின்றன. வருகிற உறவினர் எல்லோரும், "என்னைத் தெரியுதா? என் பேர் சொல்லு" என்று நிற்பார்கள். நாம் ஒரு தப்பு செய்தால், அது தப்பு என்பது நமக்கு ஞாபகம் இருக்கும், அடுத்த தடவை திருத்திக்கொள்வோம். அவருக்குத் திருத்தியது மறந்துவிடும். வாயில் வந்த தப்பு மட்டும் பதிந்துவிடும். 1994-ல் ஆலன் பேட்லி, பார்பரா வில்சன் இருவரும் சேர்ந்து இதைச் சோதித்துக் காட்டினார்கள். தப்பு செய்யவே இடம் கொடுக்காமல் சொல்லிக்கொடுத்தால் மறதி உள்ளவர்கள் கூடுதலாகக் கற்றுக்கொள்கிறார்கள். எனவே கேள்வி கேட்காமல் பதிலை முதலிலேயே கொடுத்துவிடுங்கள். அவர் கையில் காயைக் கொடுத்து, "கத்தரிக்காய் வாங்கினேன், எண்ணெய்க் கத்தரிக்காய் வைக்கிறேன், இந்தக் கத்தரிக்காயோட காம்பை நறுக்கித் தாங்க" என்று சொல்லுங்கள். பெயர், தொடுகை, வேலை மூன்றும் சேர்ந்து போகட்டும். வீட்டுக்கு வருகிறவர்களுக்கும் வாசலிலேயே சொல்லிவிடுங்கள். "அண்ணா, நான் உங்க சித்தப்பா பையன், திருமயத்துல இருந்து வர்றேன்" என்று அவர்களே பெயரும் ஊரும் சொல்லிக்கொண்டு நுழையட்டும்.

இப்போது நோட்டு. அவர் வாத்தியார் என்பது நமக்குப் பெரிய அனுகூலம். தினம் பாடக்குறிப்பு எழுதிய கை அது. அதே மாதிரி கோடு போட்ட, சட்டைப்பையில் அடங்கும் நோட்டு ஒன்று வாங்குங்கள். தேதி, நேரம், யார் வந்தார், என்ன பேசினார், என்ன செய்ய வேண்டும். அவரே எழுத வேண்டும், நீங்கள் எழுதித் தரக்கூடாது. காலை இட்லிக்குப் பின், மத்தியானம் சாப்பிட்ட பின், படுக்கும் முன் என்று மூன்று வேளையும் திறந்து பார்க்க வேண்டும். முதல் ஒன்றிரண்டு மாதம் செல்போனில் அலாரம் வைத்து நினைவூட்டுங்கள். செல்போனைக் காட்டினால் மூளை சோம்பேறியாகிவிடும் என்று சில பெரியவர்கள் சொல்வார்கள். காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். பிரிட்டனில் நினைவு, திட்டமிடல் பிரச்சினை உள்ள 143 பேருக்குச் சட்டைப்பை பேஜரில் நினைவூட்டல் அனுப்பிப் பார்த்தார்கள். 2001-ல் வெளிவந்த அந்த ஆய்வில் 80 சதவீதத்துக்கும் மேலானவர்கள் அன்றாட வேலைகளை முன்பைவிட நன்றாகச் செய்தார்கள். கண்ணாடி போட்டுக்கொள்வதால் கண் சோம்பேறியாவதில்லையே.

தினசரி காலண்டரைக் கழற்றிவிடுங்கள். மாதக் காலண்டர் மாட்டி, அன்றைய கட்டத்தில் அவரே பேனாவால் பெருக்கல் குறி போடட்டும். இரண்டாவது தடவை போட வந்தால் குறி அங்கேயே நிற்கும். கண்ணாடி, பர்ஸ், சாவி மூன்றுக்கும் ஓர் ஆணி, ஒரு தட்டு. அந்த இடத்தை மாற்றாதீர்கள். வீட்டைச் சுத்தம் செய்யும் வேகத்தில் இடம் மாற்றிவைத்துவிட்டு அவரைத் தேடவைப்பது பெரிய அநியாயம்.

வல்லாரையோ ஞாபகசக்தி மாத்திரையோ கொடுக்கலாமா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். வல்லாரைத் துவையல் ருசியானது, சாப்பிடட்டும். பத்திரிகை விளம்பரத்தில் வரும் எந்த மாத்திரையும் இந்தப் பாதிப்பைச் சரிசெய்யும் என்பதற்கு ஆதாரமில்லை.

கோபத்துக்கு வருவோம். மூளையின் பிரேக் பகுதி அடிபட்டது ஒரு காரணம். ஆனால் இன்னொரு காரணம் உங்கள் மாத்திரை டப்பாவுக்குள்ளேயே இருக்கலாம். லெவெடிராசெட்டம் நல்ல வலிப்பு மருந்து. நானும் எழுதிக்கொடுக்கிறேன். சிலருக்கு அது எரிச்சல், சிடுசிடுப்பு, மனச்சோர்வு உண்டாக்கும். எப்போதிருந்து கோபம் கூடியது, அப்போது மாத்திரையின் அளவு கூட்டப்பட்டதா என்று பழைய சீட்டுகளை எடுத்துத் தேதி போட்டுக் குறித்துக்கொண்டு நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். மருந்தை மாற்ற முடியும். மாற்றி ஒரு மாதத்தில், "பழைய மனுஷன் வந்துட்டார் டாக்டர்" என்று சொன்ன குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். ஒன்று மட்டும்: நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடர்ந்து வரலாம்.

பகல் தூக்கம் சோம்பல் கிடையாது. முன்பு தானாக நடந்த சின்னச் சின்ன வேலைகளை எல்லாம் மூளை இப்போது முக்கி முக்கிச் செய்கிறது. டி.வி. ஓட, மிக்ஸி ஓட, மகள் பாடம் ஒப்பிக்க, இதற்கு நடுவில் பென்சில் விழுந்தால் அந்தச் சத்தம் அவருக்குக் கடைசித் துளி. ஒரு நேரத்தில் ஒரு சத்தம் போதும். கஷ்டமான வேலைகளைக் காலையில் வையுங்கள். மத்தியானம் அரைமணி நேரம் படுக்கட்டும், அதற்குமேல் வேண்டாம், இரவுத் தூக்கம் கெடும். கோபம் வந்தால் மகள் அந்த அறையை விட்டு வந்துவிட வேண்டும். அப்பாவின் மூளையில் காயம் இருக்கிறது, தன்மேல் வெறுப்பு இல்லை என்று அந்தக் குழந்தைக்கு நீங்கள்தான் உட்காரவைத்துச் சொல்ல வேண்டும்.

நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன். ஆஸ்பத்திரியில் இருந்து வந்த புதிதில் தேறிக்கொண்டு வந்து, பிறகு ஒரு கட்டத்தில் திடீரென்று சரிந்தாரா? ஹெர்பிஸ் மூளைக்காய்ச்சல் வந்தவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு, பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள், உடலின் எதிர்ப்பு சக்தியே மூளையைத் தாக்கும் இரண்டாம் சுற்று வரலாம். இப்படி எதிர்ப்பு சக்தியால் வரும் மூளை அழற்சிகளில் முக்கியமான ஒன்றை ஜோசப் டால்மாவ் என்ற மருத்துவர் 2007-ல்தான் அடையாளம் காட்டினார். அதற்கு முன்பு இப்படி எத்தனை பேர் பைத்தியம் என்று முத்திரை குத்தப்பட்டார்களோ. ஸ்டீராய்டு முதலிய மருந்துகளால் இதற்குச் சிகிச்சை செய்யலாம். அப்படி ஒரு சரிவு இருந்திருந்தால் தள்ளிப்போடாமல் சொல்லுங்கள், மறுபடி பரிசோதிக்க வேண்டும். மெதுவாகவேனும் மேலே ஏறிக்கொண்டே வந்திருக்கிறார் என்றால் பயமில்லை.

பால் தீய்ந்தது தெரியாமல் போனது மோப்பம் அடிபட்டதால் இருக்கலாம். கேஸ் கசிந்தாலும் தெரியாது என்று அர்த்தம். ராத்திரி சிலிண்டரை நீங்களே மூடுங்கள். கெட்டுப்போன சாப்பாட்டையும் மோந்து கண்டுபிடிக்க மாட்டார். வலிப்பு வந்தவர் என்பதால் மருத்துவர் சம்மதிக்கும்வரை பைக் கூடாது, கிணற்றிலோ குளத்திலோ தனியாக இறங்கிக் குளிக்கக் கூடாது, மது அறவே ஆகாது. தூக்கம் கெட்டால் வலிப்பு வரும். அதனால் மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்: கோயிலுக்குப் பகலில் போய், அர்ச்சனை செய்துவிட்டு, சாயந்திரம் வீட்டுக்கு வந்து மாத்திரை போட்டுக்கொண்டு தூங்கட்டும். மூன்று ராத்திரி கண்விழிப்பு வேண்டாம். செய்வினை என்ற பேச்சை உங்கள் கணவர் காதுபட யாரும் பேச வேண்டாம்.

தனித் தட்டையும் தனி டம்ளரையும் இன்றைக்கே எடுத்து உள்ளே வையுங்கள். உதட்டுக் கொப்புளத்துக்குக் காரணமான சாதாரண வைரஸ்தான் இது. நம்மில் பலர் உடம்பில் சிறுவயது முதலே இருக்கிறது. எவருக்கோ அபூர்வமாக மூளைக்கு ஏறுகிறது. மூளைக்காய்ச்சல் தட்டு வழியாக ஒட்டாது. நம் ஊரில் மூளைக்காய்ச்சல் என்ற ஒரே பெயரில் பல நோய்களைச் சொல்வதால் வந்த குழப்பம் இது. 1955-ல் வேலூர்ப் பக்கம்தான் இந்தியாவில் முதன்முதலாக நோயாளிகளிடம் கண்டறியப்பட்ட ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வயல்வெளிக் கொசுவால் வருவது. அதுகூட மனிதரிடமிருந்து மனிதருக்கு ஒட்டுவதில்லை. எட்டு மாதமாகத் தனித் தட்டில் சாப்பிடுகிற மனிதருக்கு, "நான் போயிருந்தா நிம்மதி" என்று தோன்றுவதில் தட்டுக்கும் பங்கு இருக்கும்.

மனநோயா என்று கேட்டீர்கள். தொடக்கம் மூளையில் பட்ட காயம். அதன்மேல் மனச்சோர்வு ஏறி உட்கார்ந்திருக்கிறது. வலிப்பு உள்ளவர்களுக்கும் பாதுகாப்பாகக் கொடுக்கக்கூடிய மனச்சோர்வு மருந்துகள் இருக்கின்றன. சோர்வு குறைந்தால் ஞாபகமும் ஓரளவு தேறுவதைப் பார்க்கலாம். நரம்பியல் மருத்துவரும் மனநல மருத்துவரும் சேர்ந்து பார்க்க வேண்டிய நோய் இது. எங்கள் தொழிலின் குறையையும் சொல்லிவிடுகிறேன். வைரஸ் போனதும், "நல்லாயிட்டார்" என்று சீட்டு எழுதி அனுப்பிவிடுகிறோம். வீட்டில் என்ன காத்திருக்கிறது என்று ஒரு வரி எழுதுவதில்லை.

பழையபடி ஆவாரா? முழுக்கப் பழையபடி என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது. முதல் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை வேகமாகத் தேறுவார்கள். அதற்குப் பிறகும் இரண்டு மூன்று வருடம், மெதுவாக, முன்னேற்றம் தொடரும். கோபமும் களைப்பும் நன்றாகக் குறைய வாய்ப்பு அதிகம். புது விஷயங்களைப் பிடித்துவைக்கும் ஞாபகத்தில் ஒரு பங்கு திரும்பாமலே போகலாம். அந்தப் பங்கைத்தான் நோட்டு சுமக்கப்போகிறது. இந்த நோய்க்கு அசைக்ளோவிர் வருவதற்கு முந்தைய காலத்தில் பத்தில் ஏழு பேர் இறந்துபோனார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கடைசியாக வேலை. பெங்களூரு நிமான்ஸ், வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களிலும் சில மருத்துவக் கல்லூரிகளிலும் மருத்துவ உளவியலாளர்கள் ஞாபகம், கவனம், மொழி, திட்டமிடல் என்று தனித்தனியாகச் சோதித்து அறிக்கை தருவார்கள். அதை வாங்குங்கள். பத்தாம் வகுப்பு வடிவியல் அவருக்கு இன்றும் தண்ணீர்பட்ட பாடாக இருக்கலாம். நேற்று எதுவரை நடத்தினோம், எந்தப் பையனின் நோட்டைத் திருத்தினோம் என்பதும் நாற்பது பிள்ளைகளின் சத்தமும்தான் இடிக்கும். முழு வகுப்பு முடியாவிட்டால் நூலகம், வினாத்தாள் தயாரிப்பு, நாலைந்து பிள்ளைகளுக்குத் தனிப்பயிற்சி என்று தொடங்கலாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 20(4) என்ன சொல்கிறது தெரியுமா? பணியில் இருக்கும்போது உடற்குறை ஏற்பட்ட அரசு ஊழியரை வேலையை விட்டு நீக்கக் கூடாது, பதவியிறக்கவும் கூடாது. அந்த வேலை அவருக்கு ஒத்துவராவிட்டால், அதே ஊதியத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும். அப்படி இடம் இல்லையென்றால் கூடுதல் பணியிடம் உருவாக்கியாவது வைத்திருக்க வேண்டும். மருத்துவச் சான்றையும் உளவியல் அறிக்கையையும் இணைத்து, இந்தப் பிரிவைக் குறிப்பிட்டுத் தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பம் கொடுங்கள். தானாக எழுதிக்கொடுத்து விலகியவருக்கு இந்தப் பாதுகாப்பைக் கேட்பது கடினமாகிவிடும்.

உங்கள் அண்ணன் நல்ல மனதோடுதான் செய்திருப்பார். ஆனாலும் பீரோவில் இருக்கும் அந்தக் கடிதத்தில் உங்கள் கணவரிடம் கையெழுத்து வாங்காதீர்கள்.